அருவியில் அமுதாவுக்குக் காது அடைத்த நாள்

மழை பிடித்ததும் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் என் அக்காவுக்கு,

அருவியில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி முழுக்கப் பச்சைமலைப் பக்கம் கறுத்துக்கொண்டே இருந்தது. தீபாவளி முடிந்த கையோடு யாரோ செல்போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். செங்கலங்கலாக, பாறையே தெரியாத அளவுக்கு விழுகிறது. நீ போன பிறகு அருவி வந்ததா, காய்ந்து கிடந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதுகூட இல்லை. இந்த வருஷம் போய்விட்டு வந்தோம். நேற்றுத்தான். நனைந்த புடவை இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது காய்வதற்குள் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யார் யார் போனீர்கள் என்று கேட்பாய். மாமா, உன் மகள் ஹரிணி, நான், அப்புறம் அமுதா.

அமுதாவை உனக்குத் தெரியாது. மாமா வைகாசியில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், அக்கா. சிறுவாச்சூரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மன் கோயிலில் மாலை மாற்றி, தாலி கட்டி, ரோட்டோர ஓட்டலில் எல்லாருக்கும் டிபன். அவ்வளவுதான். நம் அம்மாதான் முன்னால் நின்று நடத்திவைத்தாள். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எத்தனை நாள் ஒற்றையில் கிடப்பார் என்று மாமாவிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். தாலி ஏறும்போது அம்மா அழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து அழுதாள். உனக்கு இதில் கோபமா? வருத்தமா? இதை நான் யாரிடம் கேட்பது?

அமுதாவுக்குக் குன்னம் பக்கம். அங்கன்வாடியில் டீச்சர். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டாள். என் வயதுதான் இருக்கும். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் மிக்சியை நிறுத்த வேண்டும், டிவியை அமர்த்த வேண்டும். அங்கன்வாடிப் பிள்ளைகள் அந்தக் குரலுக்கு எப்படி அடங்கினார்களோ.

நல்லவள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஒரு குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன்.

ஹரிணி பத்தாவது படிக்கிறாள். உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள். அவள் அமுதாவோடு சண்டை போடவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் வாயைத் திறந்து ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "அப்பா வரச் சொன்னாங்க" என்றே இத்தனை மாதம் ஓட்டிவிட்டாள். அமுதா அடுப்படியில் திரும்பி நின்றால், அவள் திரும்பிப் பார்க்கும்வரை வாசற்படியில் நின்றுகொண்டே இருப்பாளாம். மாமா சொன்னார்.

உன்னைப் பற்றியும் பேச்சு கிடையாது. நீ போனதிலிருந்தே அப்படித்தான். நான் உன் பேச்சை எடுத்தால் ஏதோ வேலை ஞாபகம் வந்தவள் போல எழுந்து போய்விடுவாள். உன் படத்துக்குப் பூ வைக்கிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் மூன்று வருஷமாக அந்த வீட்டில் உன்னை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அத்தனை சத்தம் போட்ட உன்னை.

அருவிப் பேச்சை எடுத்தது அமுதாதான். மாமாவின் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது நிஜமாகவே நம்ம பெரம்பலூர்ப் பக்கமா என்று கேட்டாளாம். அவள் அருவியையே பார்த்ததில்லை. கரிசல் காடும் சுண்ணாம்புப் பாறையும் பார்த்து வளர்ந்தவள். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மலைக்கு அவளை யாரும் கூட்டிப்போனதில்லை. அப்பாவை விட்டுவிட்டு அவளும் எங்கே போவாள்?

மாமா எனக்கு போன் செய்தார். "இவளக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன் மாலதி. பாப்பா வரமாட்டேங்குது. நீ வந்தியன்னா அதுவும் வரும்" என்றார். போனை வைப்பதற்கு முன்னால், "எனக்கும் அங்க போவ ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் இஷ்டமில்லை. அது நம் அருவி. நீ பெண்கள் பக்கம் நடு வீச்சில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம் பிடிப்பாய். வரிசையில் காத்திருந்த ஒரு அம்மா, "ஏங்க, எடத்துக்குப் பட்டா வாங்கிட்டீங்களா" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ பதிலுக்கு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாய். ஆண்கள் பக்கம் நின்ற மாமா தலையில் அடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஒளிந்தார். அந்த இடத்தில் இன்னொருத்தியை நான் எப்படி நின்று பார்ப்பேன்?

சாயங்காலம் ஹரிணியே கூப்பிட்டாள். நீ போகிறாயா சித்தி என்று மட்டும் கேட்டாள். எனக்கே தெரியாமல் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட். நான் மட்டும் காலையில் அரியலூரில் பஸ் ஏறிப் பெரம்பலூரில் இறங்கினேன். மாமா எறையூரிலிருந்து வண்டியோடு வந்து பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றார். குட்டியானை வண்டி. அவர் வாங்கணும் வாங்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே, வாங்கிவிட்டார். செகண்ட் ஹேண்டுதான். உர மூட்டையும் கரும்புக் கரணையும் ஏற்றுகிற வண்டியில் நேற்று நாங்கள் ஏறினோம். அமுதா முன் சீட்டில், ஹரிணியும் நானும் பின்னால் தார்ப்பாயில். ஊரைத் தாண்டியதும் மலை தெரிந்தது. அதன் நெற்றியில் மேகம் இறங்கிப் படுத்திருந்தது. நான் ஹரிணியைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்க்காமல் தார்ப்பாய்க் கயிற்றை முறுக்கிக்கொண்டு வந்தாள்.

வண்டி போகும் பாதை முடிந்ததும் நடை. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அமுதா ஓடையைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் நின்றாள். மாமா கையை நீட்டினார். அவள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அந்தக் கையைப் பிடிக்காமல் தானாகவே கால் வைத்துத் தடுமாறித் தடுமாறி வந்தாள். எங்களுக்காகத்தான் கூச்சப்பட்டாள் என்று புரிந்தது. ஹரிணி திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அருவிக்குக் கீழே நாவல் மரத்தடியில் கன்னிமார் சாமிகள் அப்படியே இருக்கிறார்கள். ஏழு கல்லுக்கும் புது மஞ்சள், புதுப் பாவாடைத் துணி. தண்ணீர் விழும் மாதங்களில் மட்டும் வந்து பூசை செய்வாரே அந்தப் பூசாரி, அவரும் இருந்தார். மற்ற மாதங்களில் கீழே ஊரில் வெங்காயக் காட்டு வேலை பார்க்கிறவர். முகத்தைப் பார்த்ததுமே எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க வாங்க. ரொம்ப நாளா ஆளையே காணும். எங்க இன்னொரு பொண்ணு, விசிலடிக்குமே?" என்றார்.

மாமா தண்ணீரைப் பார்த்தார். ஹரிணி குனிந்து கால்விரலால் மண்ணைக் கீறினாள். அமுதாதான் ஏதோ சொன்னாள். அருவிச் சத்தத்தில் அது அவள் வாயைத் தாண்டி வரவில்லை. பூசாரி காதில் கையை வைத்து, என்னம்மா என்றார். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போனாள்.

"அவங்க தவறிட்டாங்க அய்யா. அவங்க வூட்டுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

அவர் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று மாமாவைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. உன் வீடு என்றாள். ஹரிணி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாளோ என்னவோ.

பூசாரி மஞ்சளும் குங்குமமும் எடுத்து அமுதாவிடம் கொடுத்தார். போன பிள்ளையும் நன்றாக இருக்கட்டும், வந்த பிள்ளையும் நன்றாக இருக்கட்டும் என்று கன்னிமாரைப் பார்த்துச் சொன்னார். முதலில் போய்த் தலை நனைத்துவிட்டு வாருங்கள், பொங்கல் அப்புறம் வைக்கலாம் என்று எங்களை அனுப்பிவிட்டார்.

அக்கா, தண்ணீர் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஐஸ். அடிக்கிற அடியில் முதுகு மரத்துப்போயிற்று. உள்ளே போனதும் நான் அழுதேன். அருவிக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? நன்றாக அழுது முடித்துக் கண்ணைத் திறந்தால், பக்கத்தில் ஹரிணி நிற்கிறாள். வர மாட்டேன் என்று வீம்பு பிடித்தவள். முடி முழுக்க முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, பல் கிடுகிடுவென்று ஆட, சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அமுதா பாறையில் உட்கார்ந்து எங்கள் பைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். வாங்க வாங்க என்று நான் கையைக் காட்டினேன். தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் சொல்லவும் ஒருவழியாகக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரமாக வந்தாள். ஹரிணி எதற்கோ அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நான் மறுபடி வீச்சுக்குள் தலையைக் கொடுத்துவிட்டேன்.

"சித்தி" என்று ஒரு அலறல்.

ஹரிணிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். ஒரு பெண்ணின் காலை மிதித்தேன், இன்னொருத்தியின் சோப்பு டப்பாவைத் தட்டிவிட்டேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தால் அவள் என் கையை உதறுகிறாள்.

"ஒன்ன இல்ல சித்தி. அந்தச் சித்தி" என்றாள்.

பாசிப் பாறையில் கால் வைத்துவிட்டாள் அமுதா. வழுக்கிப்போய்க் கீழே இருந்த குட்டைக்குள், சாமி ஊர்வலத்துக்கு உட்கார்த்தி வைத்த மாதிரி, நேராக உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரைக்கும் தண்ணீர். புடவை குடை போல மேலே எழும்பி அவளைச் சுற்றி மிதக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. ஹரிணி குட்டைக்குள் இறங்கி இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். ஈரக் கை நழுவி, இவளும் அவள் மேலேயே விழுந்தாள்.

அப்போது அமுதா சிரித்தாள். அக்கா, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். பேச்சு அவ்வளவு ஒல்லி, சிரிப்பு மட்டும் வாத்துக் கூட்டம் வாய்க்காலில் இறங்கினது போல. கொல்லென்று, மூச்சு வாங்கி, மறுபடி கொல்லென்று. இத்தனை மாதமாக அதை எங்கே வைத்திருந்தாள்? அவள் சிரிப்பைக் கேட்டு ஹரிணி சிரித்தாள். அதைப் பார்த்து அங்கே குளிக்க வந்திருந்த ஊர் பேர் தெரியாத பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அடிபட்டுவிட்டதா என்று அவள் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன். தான் கூப்பிட்டுவிட்டது ஹரிணிக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று பயந்து அவளையே பார்த்தேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"வாங்க சித்தி, உள்ள போவோம். நான் புடிச்சுக்கறேன்" என்று அமுதாவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு நடு வீச்சுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கரையில் நின்று பார்த்தேன். பார்க்க முடியாது என்று நினைத்தேனே, பார்த்தேன்.

வெளியே வந்தவளுக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே போய்விட்டது போலிருக்கிறது. தலையைச் சாய்த்துக் குதித்தாள், விரலை விட்டுக் குடைந்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. தான் பேசுவது தனக்கே கேட்காததால் கத்த ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, துண்ட எந்தப் பையில வச்சீங்க" என்று அவள் கேட்டது ஆண்கள் பக்கம், குரங்குகள், கன்னிமார் எல்லாருக்கும் கேட்டது. மாமா திடுக்கிட்டுப் போய்த் துண்டோடு ஓடி வந்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

விறகு நனைந்திருந்ததால் புகை கண்ணைக் கரிக்கக் கரிக்கத்தான் பொங்கல் பொங்கியது. பூசாரி தன் குடிசையிலிருந்து காய்ந்த சுள்ளி கொடுத்தார். படைத்து முடித்துத் திரும்புவதற்குள் வாழைப்பழத்தைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. தேக்கு இலையில் பொங்கலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஹரிணி ஒரு வழக்கைக் கிளப்பினாள். இரண்டு பேரையும் சித்தி என்றால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று எப்படித் தெரியும் என்றாள். மாமா, ஒருவரைச் சின்னம்மா என்று சொல்லேன் என்றார். அவளுக்குப் பிடிக்கவில்லை. பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்து அவளே தீர்ப்புச் சொன்னாள்.

"நீ அரியலூர்ச் சித்தி. அவங்க வூட்டுச் சித்தி."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து சித்தி என்றால் நான் ஒருத்திதான். இப்போது ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தள்ளி உட்கார வைத்துவிட்டாள். ஆனால் இரண்டு வாய் பொங்கல் உள்ளே போவதற்குள் அந்தச் சுருக்கு போய்விட்டது. வீட்டில் கூப்பிட அவளுக்கு ஒரு ஆள் வேண்டும் இல்லையா? பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட? அரியலூரில் இருக்கிற நான் அதற்கு எப்படி ஆவேன்? அமுதாவுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் அவள் காதில் வாயை வைத்துச் சொன்னேன். அவள் இலையைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஈரத் தலைப்பு, அதனால் முகம் இன்னும் ஈரமாயிற்று.

திரும்பும்போது முன் சீட்டு நனைந்துவிடும் என்று மூன்று பேருமே பின்னால் ஏறிக்கொண்டோம். தூறல் போட்டது. இருபுறமும் மக்காச்சோளக் காடு, ஆள் உயரத்துக்கு மேலே. அமுதா ஏதோ நினைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, அதே உரத்த குரலில் கேட்டாள்.

"அக்கா எப்புடி இருப்பாங்க? எனக்கு யாருமே சொல்லலியே."

நான் ஹரிணியைப் பார்த்தேன். எழுந்து போக அந்த வண்டியில் இடமில்லை. அவள் கொஞ்ச நேரம் சோளக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து வந்து அமுதாவின் காதுப் பக்கம் உட்கார்ந்தாள்.

நீ மயில் விரட்டப் போன கதையைச் சொன்னாள், அக்கா. தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சோளக் காட்டுக்குள் போய், திரும்ப வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டு நீ கத்தினது. வரப்பில் நின்று ஹரிணி இந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கத்தினது. கடைசியில் நீ வெளியே வந்தால் அடுத்தவர் காடு. மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அமுதா, கேக்கல, கேக்கல என்றாள். குரலை உயர்த்தினாள். மறுபடி கேக்கல. கடைசியில் உன் மகள் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு வந்தாள். "எங்கம்மா தட்டத் தட்டிக்கிட்டே கத்துது" என்று அவள் சொன்னபோது, ரோட்டில் கதிர் காயப் போட்டதைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். எங்கம்மா, எங்கம்மா, எங்கம்மா. மாமா வண்டியை மெதுவாக ஓட்டினார். அவசரமே இல்லாத மாதிரி.

அந்தக் கதை முடிந்ததும் அடுத்தது. நீ ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டது, பள்ளிக்கூட விழாவில் சேரில் ஏறி நின்று கைதட்டியது. பாதிக் கதையில் தப்பு. மயில் விரட்டப் போனபோது நானும் உன்னோடு காட்டுக்குள் மாட்டிக்கொண்டேன், என்னை அப்படியே விட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டபோதும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குக் கையைக் காட்டிவிட்டு அமுதாவின் காதுக்கே திரும்பிவிட்டாள். வண்டி வளைவில் திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் அவள் குரல் கேட்டது.

இன்று காலை போன் செய்தேன். அமுதாவுக்குக் காது சரியாகிவிட்டதாம். பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள், அவளுடைய அந்தப் பழைய ஒல்லிக் குரலில்.

ஹரிணியிடம் இருக்கிற கதைகள் ஒரு நாள் தீர்ந்துபோகும். அவள் உன்னோடு இருந்தது கொஞ்ச காலம்தானே. அப்போது நான் இருக்கிறேன், அக்கா. நீ பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து என்னிடம் எல்லாம் இருக்கிறது. அவள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்து நீ சத்தியம் வாங்கினாயே, அந்தக் கதைகளையும் சேர்த்துத்தான். முடிந்தால் வந்து தடுத்துப் பார்.

உன் தங்கச்சி,
மாலதி